மஞ்சள் கறைக்கு பிளீச் ஊத்தினதுல கார்ப்பெட் வெளுத்துப்போச்சு. வினிகர் போட்டா நிறம் திரும்புமா?

மலேசியா, செந்தூல் வாசகி கேட்டது, 5 அக்டோபர் 2024

அக்கா, மகள் சடங்குக்குக் கலக்கி வெச்ச மஞ்சள் தண்ணி, செம்போட கார்ப்பெட்ல கவுந்துருச்சு. சவுக்காரம் போட்டுத் தேய்ச்சேன், குங்குமம் கொட்டின மாதிரி சிவந்துபோச்சு. பயந்துபோய் பாத்ரூம் கழுவுற பிளீச்சை எடுத்து ஊத்திட்டேன். சிவப்பு போச்சு, கூடவே கார்ப்பெட்டோட காப்பி நிறமும் போச்சு. இப்போ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெளிறின மஞ்சளா நிக்குது. வினிகர் தெளிச்சு வெயில்ல வெச்சா நிறம் திரும்பிடும்னு நாத்தனார் அடிச்சுச் சொல்றாங்க. சுவத்துக்குச் சுவர் ஒட்டின கார்ப்பெட்டை எங்கேன்னு வெயில்ல வெக்கிறது? வாடகை வீடு வேற. தீபாவளிக்கு ஆளுங்க வருவாங்க.

5 அக்டோபர், இரவு

வினிகரைத் தொடாதீங்க.

பிளீச்னு நாம வாங்குறது சோடியம் ஹைப்போகுளோரைட். அது இன்னும் கம்பளத்துல ஈரமா இருக்கும்போது மேல புளிப்பு எது பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். வினிகரோ, எலுமிச்சையோ, கழிவறை கழுவுற ஆசிட்டோ, எல்லாம் ஒண்ணுதான். ஏர்கோன் போட்டு மூடி வெச்ச அறையில அதை மூச்சுல இழுத்தா தொண்டை எரியும், இருமல் பிடிச்சுக்கும், ஆஸ்துமா உள்ளவங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். கண்ணாடி துடைக்கிற அம்மோனியா தண்ணியும் கூடாது, அதுல வர்றது வேற விஷவாயு.

ஜன்னலைத் திறங்க. வெள்ளைத் துண்டை எடுத்து முதல்ல ஈரத்தை ஒத்தி எடுங்க. அப்புறம் பச்சைத் தண்ணியைக் கொஞ்சமா விட்டு திரும்ப ஒத்தி எடுங்க, இப்படியே மாத்தி மாத்தி. தேய்க்க வேண்டாம், தேய்ச்சா வட்டம் பெருசாகும். வெளியில இருந்து நடுவைப் பார்த்து வாங்க. மிச்சம் நாளைக்கு.

6 அக்டோபர்

விஷயத்தைப் போட்டு உடைச்சிடறேன். அது கறை இல்லை. கறைன்னா மேல ஏதோ ஒட்டியிருக்கும், எடுத்துடலாம். இங்கே நாருக்குள்ள இருந்த சாயமே உடைஞ்சு போச்சு. எதைப் போட்டுக் கழுவினாலும் போன நிறம் வராது. இனி ரெண்டே வழி: புதுசா சாயம் ஏத்தணும், இல்லாட்டி அந்த இடத்தை வெட்டி வேற துண்டு வெக்கணும். யூடியூப்ல யார் என்ன பொடியைத் தூவிக் காட்டினாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் அது.

எந்த வழியில போனாலும் உள்ளே மிச்சமிருக்கிற பிளீச்சை முதல்ல சாகடிக்கணும். தண்ணி விட்டு எடுத்தாலும் அடி வரைக்கும் போனது அங்கேயேதான் இருக்கும். இன்னைக்கு நீங்க சாயம் ஏத்தினா அது அதையும் வெளுக்கும்.

நான் ஹோட்டல்ல அறைகளைப் பாக்குற சூப்பர்வைசரா இருந்தப்போ, இதுக்குன்னே சோடியம் தயோசல்ஃபேட் கலந்த தண்ணி வெச்சிருப்போம். வீட்டுக்கு அது எங்கே கிடைக்கும்னு கேப்பீங்க. மீன் தொட்டிக் கடைக்குப் போங்க. குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரினை எடுக்க ‘ஆன்டி குளோரின்’னு வெள்ளைக் கற்கண்டா பொட்டலத்துல விப்பாங்களே, பெரும்பாலும் அதேதான். சின்ன பொட்டலமே போதும். அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கரைச்சு, வெளுத்த இடம் முழுக்க நனையுற மாதிரி தெளிச்சு, கால் மணி நேரம் விட்டு, ஒத்தி எடுத்து, பச்சைத் தண்ணியால ரெண்டு மூணு தடவை அலசி எடுங்க.

மீன் கடை பக்கத்துல இல்லைன்னா ஃபார்மசியில புண்ணுக்குப் போடுற 3% ஹைட்ரஜன் பெராக்சைடும் பிளீச்சை முறிக்கும். பிளீச்சும் அதுவும் சேர்ந்தா உப்பும் தண்ணியும் ஆக்சிஜனும்தான் மிஞ்சும். நுரைக்கும், பயப்படாதீங்க.

6 அக்டோபர், பிறகு

பெராக்சைடு பத்தி யோசிச்சுப் பார்த்தேன். வெளிர் நிறக் கம்பளத்துக்குச் சரி. கருநீலம், கருஞ்சிவப்பு மாதிரி அடர் நிறம்னா வேண்டாம். வேலை முடிஞ்சு மிஞ்சுற பெராக்சைடு தானே நிறத்தைக் கொஞ்சம் இறக்கும். அடர் நிறத்துக்கு மீன் தொட்டிக் கல்லேதான்.

7 அக்டோபர்

ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒருத்தர்: “சவுக்காரம் போட்டதும் ஏன் சிவந்துச்சு? ஏதாவது தோஷமா?”

தோஷமெல்லாம் இல்லைங்க. மஞ்சள்ல காரம் பட்டா சிவக்கும். மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான காரம். சவுக்காரம் அந்த ஜாதி. மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யுறதும், ஆரத்தித் தட்டுல தண்ணி சிவக்குறதும் இதேதான். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் கதிகலங்கிப் போய் பிளீச்சைத் தேடுறாங்க. சும்மா விட்டிருந்தா, இல்லை அந்த நேரத்துல கொஞ்சம் வினிகர் தண்ணி தொட்டிருந்தா, திரும்ப மஞ்சளாகியிருக்கும். மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது. பாத்திரம் கழுவுற சோப்பை ரொம்ப நீர்க்கக் கலந்து ஒத்தி எடுத்துட்டு, ஜன்னல் திரையைத் திறந்து விட்டா நாளாக நாளாக மங்கிடும். மஞ்சள் கறையை வெயில் தின்னும்னு நம்ம பாட்டிமார் சொன்னது உண்மை. நாத்தனார் அந்த வைத்தியத்தைத்தான் எங்கேயோ மாத்திப் பிடிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன்.

வினிகர் பிளீச்சுக்கு முன்னாடின்னா மருந்து. பின்னாடின்னா விஷம்.

8 அக்டோபர்

பாயான் லெப்பாஸ் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார், சுருக்கிப் போடறேன்: “எங்க வீட்டுல பிளீச்சே வாங்குறதில்லை. ஆனா கட்டில் பக்கத்துல கார்ப்பெட்ல ஆரஞ்சு நிறத்துல திட்டுத் திட்டா இருக்கு. மாசா மாசம் புதுசா ஒண்ணு முளைக்குது. வேலைக்கார அக்கா மேல சந்தேகம்.”

தம்பி, வேலைக்கார அக்காவை விடுங்க. வீட்டுல பருவுக்கு க்ரீம் போடுற பிள்ளை இருக்கா? பென்சாயில் பெராக்சைடுன்னு குழாய்ல எழுதியிருக்கும், 2.5, 5, 10 சதவீதத்துல வரும். அதேதான் வேலை. தண்ணியில கரையாது, அதனால கை கழுவினாலும் விரல்ல ஒட்டிக்கிட்டே இருக்கும். அந்த விரல் கார்ப்பெட்ல பட்டா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஈரமும் சூடும் சேரச் சேர மெல்ல வெளுக்கும். நம்ம ஊர் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? கறை எப்போ விழுந்துச்சு, யார் போட்டான்னு கண்டே பிடிக்க முடியாது.

ஹோட்டல்ல இருந்த காலம் முழுக்க இதே துப்பறியுற வேலைதான். பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையில, கடல் பார்த்த அறைகள். சூப்பர்வைசர்னா காலையில அறைக்குள்ள போய் முதல்ல பாக்குறது தரையைத்தான். வெளுத்த இடத்தோட உருவத்தைப் பார்த்தே கதை சொல்லிடலாம்:

பாத்ரூம் கதவுல இருந்து கட்டில் வரைக்கும் பாதி பாதியா திட்டு வந்தா, யாரோ பிளீச் போட்ட தரையில கால் வெச்சுட்டு ஈரக்காலோட கார்ப்பெட்ல நடந்திருக்காங்க. கட்டைவிரல் தனியா, குதிகால் தனியா தெரியும். கால் அளவு பார்த்தே எந்தப் பெண்ணுன்னு எங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

முழு வட்டம், நடுவுல நிறம் அப்படியே இருக்கும், விளிம்பு மட்டும் வெளுப்பு: வாளியோட அடி. வாளியை வெளியே கழுவாம தூக்கிட்டு வந்து வெச்சிருக்காங்க.

வரிசையா சின்னச் சின்னப் புள்ளி: ஸ்ப்ரே பாட்டில் மூக்கு ஒழுகுது.

முகம் பாக்குற கண்ணாடி முன்னாடி, கட்டில்ல தலை வெக்கிற பக்கம், தொலைபேசி மேசைக்கு அடியில விரல் அளவுக்கு ஆரஞ்சு: பரு க்ரீம். பள்ளி விடுமுறை முடிஞ்சு ஒரு மாசத்துல இது மொத்தமா தலை காட்டும். தங்கின குடும்பம் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்.

தம்பி வீட்டுக்கு வழி: பையன் க்ரீம் போடுறது பாத்ரூம்லயே, வெள்ளைத் துண்டோட. தலையணை உறையும் வெள்ளை. அதை முதல்ல நிறுத்தாம கார்ப்பெட்டைச் சரி பண்றது வீண்.

9 அக்டோபர்

சாயமா வெட்டா? அது என்ன நார்னு தெரியாம யாராலயும் சொல்ல முடியாது. கடைக்காரர் சொன்னதையும் நம்பாதீங்க. ஓரத்துல, கதவுக்குப் பின்னாடி, நாலு இழை பிடுங்கிக்கோங்க.

ஒரு இழையை நுனியில தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு நசுக்கி, காத்து போனதும் தண்ணி டம்ளர்ல போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன். தண்ணியை விட லேசான நார் அது ஒண்ணுதான் நம்ம வீட்டுக் கார்ப்பெட்டுல வரும்.

இன்னொரு இழையை இடுக்கியில பிடிச்சு, கழுவுத்தொட்டி மேல வெச்சுக் கொளுத்துங்க. கையில பிடிக்காதீங்க, உருகிச் சொட்டும். தலைமுடி கருகுற வாடை, தீ தானே அணையும், சாம்பல் விரல்ல பொடியாகும்னா கம்பளி ரோமம். காகிதம் எரியுற வாடை, சாம்பல் மெத்துனு இருந்தா பருத்தி, இல்லாட்டி விஸ்கோஸ். உருகி கெட்டியா மணி மாதிரி உறைஞ்சா நைலான் அல்லது பாலியெஸ்டர். பாலியெஸ்டர்னா கரும்புகை விடும். உருகும்போது மெழுகுவத்தி வாடை வந்தா பாலிப்ரொப்பிலீன், அது மிதந்தும் இருக்கும்.

கம்பளியும் நைலானும் ஆசிட் சாயம் பிடிக்கும், அதாவது வினிகர் மாதிரி புளிப்பு சேர்த்தா ஏறுற சாயம். பருத்திக்கு வேற சாயம். நம்ம ஊர் பாத்திக் துணிக்காரங்க வெக்கிற ரியாக்டிவ் சாயம் அதுக்கு ஆகும், நைலானுக்குச் சரிவராது. பாலியெஸ்டருக்குக் கொதிக்கிற சூடு வேணும், தரையில ஒட்டின கார்ப்பெட்டைக் கொதிக்க வெக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் எந்தச் சாயத்தையும் உள்ளே விடாது.

10 அக்டோபர்

ராத்திரி படுத்திருக்கும்போது தோணுச்சு. மேல எழுதினதைப் படிச்சா, மலிவுக் கார்ப்பெட்டு எல்லாமே பாலிப்ரொப்பிலீன்தானே, அப்போ முக்கால்வாசிப் பேருக்கு வழி இல்லைன்னு ஆகுது. ஆனா அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

பாலிப்ரொப்பிலீன்ல நிறத்தை நார் இழுக்கும்போதே உருகின பிளாஸ்டிக்கோட கலந்திடுவாங்க. நடுத்தண்டு வரைக்கும் ஒரே நிறம். பிளீச் ஊத்தினாலும் அசையாது. பாலியெஸ்டரும் பிளீச்சுக்கு லேசுல நிறம் விடாது. ஆக, உங்க கார்ப்பெட்டு வெளுத்திருக்குன்னாலே அது பெரும்பாலும் நைலான், கம்பளி, பருத்தி இதுல ஒண்ணுதான். அதாவது சாயம் பிடிக்கிற ஜாதி. எது பிளீச்ல நிறத்தை விட்டுச்சோ, அதுதான் திரும்ப நிறத்தை வாங்கவும் போகுது.

அதுக்காக மிதக்குற சோதனையை விட்டுடாதீங்க. கலப்பு நாரும் உண்டு. ஹோட்டல் ஹால்ல போடுறது பெரும்பாலும் நூத்துக்கு 80 கம்பளி, 20 நைலான்.

கம்பளியில இன்னொரு தொல்லை: பிளீச் கம்பளியோட நிறத்தை மட்டும் எடுக்காது, நாரையே கரைக்கும். தொட்டுப் பாருங்க. சொரசொரன்னு, அழுத்தினா ஒடியுற மாதிரி இருந்தா அங்கே சாயம் ஏத்த நாரே இல்லைன்னு அர்த்தம். நேரா வெட்டுக்குப் போங்க.

13 அக்டோபர்

செந்தூல்ல இருந்து பதில்: இழை மூழ்கிச்சு, உருகி மணியாச்சு, கரும்புகை இல்லை. நைலான். நல்ல செய்தி.

இப்போ நிறம். இங்கேதான் எல்லாரும் வழுக்குவாங்க. கார்ப்பெட்டு காப்பி நிறம், அதனால காப்பி நிறச் சாயம் வாங்கலாம்னு தோணும். அப்படி ஊத்தினா செங்கல் மாதிரியோ சேறு மாதிரியோ வந்து நிக்கும்.

காப்பி நிறம்னா உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் மூணும் இருக்கு. பிளீச் மூணையும் ஒரே வேகத்துல எடுக்காது. பெரும்பாலும் நீலம் முதல்ல போகும், அடுத்து சிவப்பு, மஞ்சள் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அதனால இப்போ கண்ணுக்குத் தெரியுற நிறமே எது போச்சுன்னு சொல்லிடும். ஆரஞ்சா தெரிஞ்சா நீலம் மட்டும் போயிருக்கு, நீலம் சேர்த்தா போதும். மஞ்சளா தெரிஞ்சா நீலமும் சிவப்பும் போயிருக்கு, ரெண்டும் சேர்ந்த ஊதா வேணும். சுத்த வெள்ளைன்னா மூணும் வேணும், மஞ்சள்ல தொடங்கி வரிசையா ஏத்தணும்.

உங்களுது வெளிறின மஞ்சள். அப்போ ஊதா. காப்பி நிறம் வர ஊதா சாயமான்னு வீட்டுக்காரர் கண்ணை உருட்டுவார், உருட்டட்டும்.

சாயம் வாங்கும்போது பாக்கெட்டுல நைலான், கம்பளி, பட்டுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. பருத்திக்கு மட்டும்னு இருந்தா திருப்பி வெச்சுடுங்க. சிவப்பு, நீலம் தனித்தனியா வாங்கி நீங்களே கலக்கிறது நல்லது, பக்குவம் உங்க கையில இருக்கும்.

ரொம்ப நீர்க்கக் கலக்குங்க. வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு விட்டா லேசா தெரியணும், அவ்வளவுதான். மருந்துச் சொட்டு விடுற குழாயால நடுவுல இருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமா வைங்க, வெளி விளிம்பைக் கடைசியா. கையுறை போடுங்க. பழைய பல் பிரஷ்ஷால நுனியில இருந்து அடி வரைக்கும் உள்ளே விடுங்க, மேலாக மட்டும் பூசினா நடக்க நடக்க வெள்ளை எட்டிப் பார்க்கும்.

வினிகருக்கு இப்போதான் வேலை. பிளீச்சும் மீன் தொட்டிக் கல்லும் முழுசா அலசிப் போனதுக்கு அப்புறம், சாயத் தண்ணிக்குள்ள ஒரு கரண்டி. ஆசிட் சாயத்துக்குப் புளிப்பும் சூடும் வேணும். கல் மிச்சமிருந்தா வினிகர் பட்டதும் பால் மாதிரி கலங்கி, கந்தக நெடி அடிக்கும். அதுவே இன்னும் அலசணும்கிறதுக்கு அடையாளம்.

சூட்டுக்கு: ஈரமான வெள்ளைத் துணியை மேல போட்டு, ஸ்டீம் அயர்னை அழுத்தாம மேலேயே பிடிச்சு ஆவி மட்டும் காட்டுங்க. அழுத்தினா நைலான் நசுங்கிப் பளபளன்னு ஆயிடும், அதுக்கு மருந்தே இல்லை. பிறகு தண்ணியால ஒத்தி எடுத்து, ஃபேன் போட்டு முழுசா காய விடுங்க. ஈரத்துல அடர்த்தியா தெரியும், காய்ஞ்சதும் ஒரு படி இறங்கும். போதலைன்னா மறுநாள் இன்னொரு தடவை. கூட்டுறது லேசு, குறைக்கிறது முடியாத காரியம்.

13 அக்டோபர், இரவு

மார்க்கர் பேனாவால பூசலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. பூசலாம். முதல் தடவை தண்ணி பட்டதும் சுத்தி ஊதாவா ஒரு வளையம் விரியும். அப்புறம் அதுக்குத் தனியா இன்னொரு கேள்வி-பதில் தொடங்கணும்.

19 அக்டோபர்

வெட்டி ஒட்டுறது. இதுல எனக்குக் கை பழக்கம் அதிகம். சொல்லப்போனா சாயத்தை விட இதையே நான் நம்புறேன். சாயம் ஒரு வருஷத்துல வேற நிறமா மங்கலாம், துண்டு மங்குனா சுத்தியிருக்கிறதோட சேர்ந்து மங்கும்.

துண்டு எங்கே எடுக்கிறது: அலமாரிக்குள்ள, கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடி மூலையில. கார்ப்பெட் போட்டப்போ மிஞ்சின துண்டு ஸ்டோர் ரூம்ல இருந்தா ஓடிப்போய் எடுத்துறாதீங்க. அது வெயில் படாதது, கால் படாதது. வெச்சா புதுசா பளிச்சுன்னு அது மட்டும் தெரியும். ஆள் நடக்காட்டியும் அதே அறையில வயசான மூலைதான் பொருந்தும். மிஞ்சின துண்டை மூலையில வெட்டின ஓட்டைக்கு வைங்க.

முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு உள்ளங்கையால தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். வழுக்குற திசையை மாஸ்கிங் டேப்ல அம்புக்குறி போட்டு ரெண்டு இடத்துலயும் ஒட்டுங்க. இதை விட்டீங்கன்னா நிறம் ஒண்ணா இருந்தும் துண்டு ஒரு பக்கத்துல இருந்து கருப்பாவும் மறுபக்கத்துல இருந்து வெளுப்பாவும் தெரியும்.

வெட்டுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவர் நுனியால முடியை ரெண்டு பக்கமும் வகிடெடுங்க. கத்தி அடித்துணியை மட்டும் அறுக்கணும், முடியை அறுக்கக் கூடாது. நல்ல துண்டை முதல்ல வெட்டி, அதைக் கெட்ட இடத்து மேல வெச்சு அதே அளவுக்குச் சுத்தி வெட்டுங்க. கெட்டதை முதல்ல வெட்டினா ஓட்டை எப்பவும் துண்டை விடப் பெருசாத்தான் வரும், ஏன்னு எனக்கு இதுவரைக்கும் புரியலை. வட்டமா வெட்டுற அச்சு இருந்தா ரெண்டுக்கும் அதே அச்சு. கீழே இருக்கிற பஞ்சு மெத்தையை அறுக்காதீங்க.

வளையம் வளையமா பின்னின கார்ப்பெட்டுன்னா வட்டம் வேண்டாம். வரிசை பார்த்துச் சதுரமா, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல வெட்டுங்க. ஒரு வளையம் அறுந்தா வரிசை முழுக்க உருவிக்கிட்டு வந்துடும்.

ஒட்டுறதுக்குக் கார்ப்பெட் இணைப்பு டேப், அல்லது லேட்டக்ஸ் பசை. ஹார்ட்வேர் கடையில செருப்பு ஒட்டுற மஞ்சள் பசையை எடுத்துக் கொடுப்பாங்க. அது மேல ஏறி முடியைக் கல்லாக்கிடும். டேப்பைப் பசைப்பக்கம் மேல இருக்கிற மாதிரி ஓட்டைக்குள்ள விட்டு, வெட்டின விளிம்பு முழுக்க லேட்டக்ஸ் மெல்லிசா தடவி, அம்புக்குறி பார்த்துத் துண்டை இறக்குங்க. அமுக்குறதுக்கு எங்க வீட்டுல அம்மிக்குழவி. அது இல்லாத அடுக்குமாடி கண்டோவாசிகள் பத்து கிலோ அரிசிப் பையை வெக்கலாம். மறுநாள் விளிம்பு முடியை ஊசியால கோதிக் கலந்து விட்டா, தேடுறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

20 அக்டோபர்

புள்ளி அரிசி அளவுதான்னா வெட்டு எதுக்கு? அந்த முடியை மட்டும் வேரோட கத்தரிச்சு, மூலையில இருந்து பிடுங்கின முடிக்கட்டை அடியில ஒரு சொட்டு பசையோட ஊசியால நட்டு, மேல சமமா வெட்டி விடுங்க. பரு க்ரீம் திட்டுக்கு இது நல்லா வரும். பொறுமை வேணும். சீரியல் பார்த்துக்கிட்டே செய்யலாம்.

21 அக்டோபர்

வாடகை வீட்டுல வெட்டலாமான்னு செத்தாப்பாக்ல இருந்து கேள்வி. வீட்டு ஓனருக்குச் சொல்லாம வெட்டாதீங்க. நம்ம ஊர்ல வழக்கமா ரெண்டு மாச வாடகை டெபாசிட்டு, அதுக்கு மேல தண்ணி கரண்டுக்கு அரை மாசம். பிளீச் திட்டு சாதாரணத் தேய்மானத்துல சேராது, பிடிச்சுக்கத்தான் பார்ப்பாங்க. ஆனா ஒரு திட்டுக்காக அறை முழுக்கக் கார்ப்பெட் மாத்துற காசைப் பிடிக்கிறதும் நியாயம் இல்லை, அதுவும் பத்து வருஷப் பழசுக்கு. இப்போ எப்படி இருக்குன்னு போட்டோ, சரி பண்ணினதும் போட்டோ, வாட்ஸ்அப்ல எழுத்துல சம்மதம். முட்டிக்கிச்சுன்னா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துல சிறு கோரிக்கைன்னு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் வக்கீல் இல்லாமலே போடலாம். அந்த அளவுக்குப் போகாம இருக்கத்தான் போட்டோ.

வெட்டு திரும்பிப் போக முடியாத வேலை, அதனால வாடகை வீடுன்னா முதல்ல சாயம், சரிவராட்டி வெட்டு. சொந்த வீடுன்னா என் கட்சி எப்பவும் வெட்டுதான்.

3 நவம்பர்

செந்தூல் வீட்டுத் தீபாவளி முடிஞ்சது. போட்டோ அனுப்பியிருக்காங்க. பகல்ல எடுத்த படத்துல எங்கே இருந்துச்சுன்னு நான் தேட வேண்டியிருந்தது. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த படத்துல லேசா ஊதா அடிக்குது.

சாயத்துல இது வரும். ஃபேக்டரியில போட்ட சாயக் கலவையும் நம்ம கலவையும் வேற, ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போகும், இன்னொண்ணுல விலகும். அதனாலதான் ஹோட்டல்ல மேனேஜர் ஜன்னல்கிட்ட நின்னு சரின்னு சொன்னதை ராத்திரி ஷிஃப்ட்காரர் வந்து சரியில்லைன்னு சொல்லுவார், ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க. எந்த நேரத்துல அந்த அறையில ஆள் இருப்பாங்களோ அந்த வெளிச்சத்துல பொருத்துங்க. கூடமா? அப்போ ராத்திரி விளக்கு. செந்தூல் அம்மாவுக்கு: மஞ்சள் சாயம் ஒரு சுற்று, மிக மிக நீர்க்க, ராத்திரியில உட்கார்ந்து வைங்க. ஊதா அடங்கும்.

நாத்தனார் வந்து பார்த்துட்டு “வினிகர்தானே போட்ட?”ன்னு கேட்டாங்களாம். ஆமான்னு சொல்லிட்டாங்களாம். பொய்யும் இல்லையே.

12 ஜனவரி 2025

சூலியா தெருவுல இருந்து ஒரு தம்பி: அத்தாவோட தொழுகை விரிப்புல பிளீச் சொட்டு, மூணு இடத்துல. மெக்காவுல இருந்து கொண்டு வந்ததாம், வெட்ட மனசு வரலை.

வெட்டாதீங்க. சாயமும் வேண்டாம், அதுல அஞ்சாறு நிறம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒண்ணு ஊறி இன்னொண்ணுல ஏறும். பிளீச்சை மட்டும் முறிச்சு அலசிடுங்க, அதுவும் சொட்டு விழுந்த இடத்துல மட்டும், ஈரம் பரவாம. பிறகு அதே நிறத்து நூலால வெளுத்த முடிக்கட்டுக்கு நடுவுல ஊசிவேலை. தையல் கடையில துணியைக் காட்டி நூல் பொருத்துவாங்களே, விரிப்பையே எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நிறத்து நூலைச் சேர்த்துக் கோத்தா ஒத்தை நூலை விட நல்லா கலக்கும், பழைய சாயம் ஒரே நிறமா இருக்காது.

9 பிப்ரவரி 2025

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வேலையில இருக்கேன், சுருக்கமா. சிரப் தண்ணி கலக்கும்போது ஒருத்தர் கேட்டதை இங்கேயே எழுதிடறேன், பலருக்கும் ஆகும்: சமையல் கலரிங் வெச்சுக் கார்ப்பெட்டுக்குச் சாயம் ஏத்தலாமா?

நைலானுக்கும் கம்பளிக்கும் ஏறும். கேசரிப் பொடியும் கலரிங் பாட்டிலும் பெரும்பாலும் ஆசிட் சாய வகைதான். ரோஸ் சிரப் நைலான் கார்ப்பெட்ல கொட்டினா ஏன் போகவே மாட்டேங்குது? அது கறையாகலை, சாயமே ஏறியிருக்கு. ஹோட்டல்ல சிரப் பாண்டோங் (பால் கலந்த ரோஸ் சிரப்) விருந்துன்னா ஹால் கார்ப்பெட்டை நினைச்சு வயித்துல புளியைக் கரைக்கும். வினிகரும் ஆவியும் சேர்த்தா இன்னும் கெட்டியா பிடிக்கும்.

ஆனா உணவுக் கலரிங் வெளிச்சத்துக்கு நிக்காது. அதுவும் மூணும் ஒரே வேகத்துல மங்காது, இன்னைக்குக் காப்பி நிறமா இருந்தது மழைக்காலத்துக்குள்ள வேற எதுவாகவோ திரும்பி நிக்கும். சோபாவுக்கு அடியில, அலமாரி ஓரத்துல, வெயில் எட்டாத இடத்துல ஓட்டலாம். ஜன்னல் ஓரத்துக்கு வேண்டாம், காசு கொடுத்துச் சரியான சாயமே வாங்குங்க. பருத்தி விரிப்புக்கு கலரிங் ஏறவே ஏறாது, முதல் அலசுலயே கழன்டு ஓடும்.